மேட்டுக்கு வடக்கால

ஏனுங்க, அந்த ஜன்னல் கண்ணாடியக் கொஞ்சம் இழுத்து உட்டுர்றீங்களா? வேர்க்குந்தான், கொஞ்ச நேரம் பொறுத்துக்கங்க. பாலம் கட்டற எடத்துல பஸ்ஸ நிறுத்திப்போட்டான். இந்த மண்ணுத் தூசி மூஞ்சில அடிச்சுதுன்னா எனக்கு நெஞ்சு படபடன்னு வந்துருது. சீக்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. பயந்தான்.

சிரிக்காதீங்க. நான் பயந்தாங்கொள்ளி இல்ல, அத மொதல்லயே சொல்லிப்போடறேன். இருவத்தேழு வருசம் போர்வெல் வண்டியோட ஊர் ஊராச் சுத்துனவன். ஒரிசாக் காட்டுல யானை வந்து வண்டிய முட்டியிருக்குது. இறங்கி ஓடுனனா? ஓடல. கதவு தொறக்கலைன்னு மத்தவனுக சொல்லுவானுக, அத நம்பாதீங்க.

எம்பேரு அர்த்தனாரி. திருச்செங்கோட்டுப் பக்கம். எங்கூருல வீட்டுக்கு ஒருத்தன் போர்வெல் வண்டியில இருப்பான், கேள்விப்பட்டிருப்பீங்க. கோயமுத்தூரு போய்ச் சேர எப்பிடியும் ரெண்டு மணி நேரம் ஆகும். நீங்க கேக்கறதா இருந்தா சொல்றேன். கேக்காட்டியும் சொல்லுவேன், இன்னைக்கு சொல்லியே ஆகணும்.

அஞ்சு வருசம் முந்தி, மாசி மாசம். ராஜஸ்தான்ல, ஜெய்சால்மருக்கும் மேக்கால எங்க வண்டி நின்னுச்சு. கம்ப்ரஸர் படுத்துக்கிச்சு. சாமான் ஊர்லேருந்து வரணும், பத்து நாள் ஆகும்னாங்க. சமைக்கிறது, திங்கிறது, தூங்கறது, வேற வேல கிடையாது. ஒருநா காத்தால எங்க கேம்ப்புக்கு ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு. ஒரு அம்மா இறங்குனாங்க. அறுவதுக்கு மேல இருக்கும். நூல் சேலை, கால்ல கேன்வாஸ் ஷூ.

"இங்க தமிழ் ஆளுக இருக்கறாங்கன்னு லாட்ஜுல சொன்னாங்க. உங்கள்ல யாருக்கு நல்லா வண்டி ஓட்டத் தெரியும்?"

எங்காளுக அத்தன பேரும் என்னையக் கை காட்டுனானுக. அதான் சொன்னனே, மத்தவனெல்லாம் பயந்தவனுக.

அந்தம்மா பேரு ராஜாமணி. கோயமுத்தூருக்காரங்க. அவங்க அண்ணன் சபாபதி விமானப்படையில பைலட்டா இருந்தவரு. அவங்க வந்ததுக்கு நாப்பத்தாறு வருசம் முந்தி, அப்ப அவருக்கு இருவத்தஞ்சு வயசு. பழகறதுக்காக ஒத்தையில விமானத்த எடுத்துக்கிட்டு பாலைவனத்து மேல போயிருக்காரு. மண்காத்து கிளம்பியிருக்குது. திரும்பி வரல. மூணு வாரம் தேடியிருக்காங்க, ஒரு துண்டு கூட ஆப்புடல. கடைசில, காணாமப் போயிட்டாருன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அவங்கம்மா மகனுக்குக் காரியம் பண்ண உடவே இல்லையாமா. ஒடம்பு வரட்டும், ஒடம்பு வரட்டும்னு சொல்லிச் சொல்லியே அவங்களும் போய்ச் சேந்துட்டாங்க. இந்தம்மாவும் கல்யாணம் பண்ணிக்கல. ஏன்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல.

அவங்க வர்றதுக்கு ரெண்டு வருசம் முந்தி, ஹாசம் கான்னு ஆடு மேய்க்கறவரு ஒருத்தரு மணல்ல கெடந்த தகடு ஒண்ண எடுத்தாந்து போலீஸ்ல குடுத்திருக்காரு. அதுல ஒரு நம்பரு. அது பேப்பர்ல வந்து, யாரோ சொல்லி, இந்தம்மா பாத்திருக்காங்க. அண்ணன் வீட்டுக்கு எழுதுன கடைசிக் கடுதாசில, 'இந்த நம்பர் விமானந்தான் எனக்குக் குடுத்திருக்காங்க, ராசியான நம்பரு'ன்னு எழுதியிருந்தாராமா. அதே நம்பரு. எழுதிப்போட வேண்டிய எடத்துக்கெல்லாம் எழுதிப்போட்டுப் பாத்துட்டு, இனி யாரையும் நம்பிப் பிரயோசனமில்லைன்னு அவங்களே ரயிலேறி வந்துட்டாங்க.

"என்னைய அந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?"ன்னு கேட்டாங்க.

மாட்டேன்னுதான் சொல்ல வந்தேன். வாயில சரீங்கம்மான்னு வந்துருச்சு. அழுதிருந்தாங்கன்னா மாட்டேன்னு சொல்லியிருப்பேன். அவங்க அழுகவே இல்லைங்க.

மக்யா நாள் விடியக்காலம் எங்க பொலேரோவ எடுத்தேன். ஓனருகிட்டச் சொல்லல. பின்னால தண்ணிக் கேன் ஆறு, ரெண்டு மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில போட ரெண்டு பலகை. அம்மா தேடிப் புடிச்சுக் கூட்டியாந்திருந்த ஹாசம் கான் முன்னால உக்காந்தாரு. நாப்பது வயசு இருக்கும், ஒசரமான ஆளு, மூணு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு. அவரு இந்தியில சொல்றத நான் அம்மாவுக்குத் தமிழ்ல சொல்லணும். அம்மா சொல்றத நான் அவருகிட்ட இந்தியில சொல்லணும். நடுவுல நான். ரெண்டு பேரும் என்னைய நம்பித்தான் வந்தாங்க, பாத்துக்கங்க.

கலெக்டர் ஆபீஸ்ல அம்மா வாங்கி வெச்சிருந்த அனுமதிச் சீட்டுல மூணு ஊருப் பேருதான் இருந்துச்சு. மூணாவது ஊரத் தாண்டுனதும் நான் வண்டிய நிறுத்துனேன்.

"அம்மா, இதுக்கு மேல போறதுக்கு நமக்குச் சீட்டு இல்லீங்க. மேக்கால போகப் போக பார்டரு. புடிச்சாங்கன்னா உளவாளின்னு உள்ள வெச்சிருவாங்க."

"உளவாளி கேன்வாஸ் ஷூ போட்டுட்டு வருவாளா? ஓட்டுங்க"ன்னாங்க.

ஓட்டுனேன். ரோடுன்னு ஒண்ணு கிடையாது. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரி மணல்மேடு. திரும்பிப் பாத்தா நம்ம டயர் தடத்தக் காத்து அழிச்சுட்டே வருது. வந்த வழி தெரியலைன்னா எப்பிடித் திரும்பறது? ஹாசம் கானுக்கு மாரடைச்சுருச்சுன்னா? நல்லாத்தான் இருந்தாரு மனுசன், ஆனா நான் அவரு நெஞ்சையே பாத்துட்டு ஓட்டுனேன், மூச்சு ஏறி இறங்குதான்னு.

பத்து மணி வாக்குல ஒரு எடத்துல வண்டி புதைஞ்சுருச்சு. பலகை போடலாம்னு நான் இறங்குனேன். ஹாசம் கான் "அசையாதே"ன்னாரு. சத்தமாக் கூடச் சொல்லல. எங்கால்ல இருந்து நாலடியில, மணல்ல பாதி புதைஞ்சு, தகரத்துல வால் வெச்ச மாதிரி ஒண்ணு நீட்டிட்டு நின்னுச்சு. பட்டாளத்துக்காரங்க அந்தப் பக்கம் குண்டு போட்டுப் பழகுவாங்களாமா. வெடிச்சது போக வெடிக்காததும் கெடக்குமாமா. போன வருசம் அவரோட சித்தப்பா மகன் ஒருத்தன் இரும்புன்னு பொறுக்கப் போயி ரெண்டு கையும் போச்சுன்னு சாவகாசமாச் சொல்றாரு. அதத் தமிழ்ல சொல்லுங்கன்னு அம்மா கேக்கறாங்க. நான் சொல்லல. "பாம்பு இருக்குதாமா"ன்னு சொன்னேன். பொம்பளையப் பயமுறுத்தக் கூடாது பாருங்க.

அதுக்கப்பறம் நான் ஒவ்வொரு அடியும் ஹாசம் கான் கால் வெச்ச தடத்துல வெச்சுத்தான் நடந்தேன்.

உச்சிப் பொழுதுல அந்த எடத்துக்குப் போய்ச் சேந்தோம். தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியல. கிட்டப் போனா, மணல்ல அங்கங்க பளபளன்னு தகடு. ஆணி வரிசையா அடிச்ச தகடு. நடுவுல ஒரு பெரிய இரும்பு முண்டு, எஞ்சின்னு, துருப்புடிச்சு நெஞ்சு ஒசரத்துக்கு நிக்குது. அந்தம்மா ஓடுனாங்க. அந்த வயசுல, அந்த மணல்ல. ஓடிப்போயி அது மேல ரெண்டு கையையும் வெச்சாங்க. வெய்யில்ல அது கொதிச்சிருக்கும், கைய எடுக்கவே இல்ல.

கொஞ்ச நேரங் கழிச்சு, "இங்கதான் இருக்கான்"ன்னாங்க. "எங்கயோ கிட்டத்துலதான் இருக்கான். அர்த்தனாரி, கொஞ்சம் சுத்திப் பாருங்களேன். எனக்குக் கண்ணு கட்டுது."

ஹாசம் கான் தெக்கால போனாரு. நான் மேட்டச் சுத்திக்கிட்டு வடக்கால போனேன். தேடத்தான் போனேன். சத்தியமாத் தேடத்தான் போனேன். ஆனா ஒண்ணும் ஆப்புடக் கூடாதுன்னு சாமியக் கும்புட்டுட்டே போனேன். அந்த எடத்துல சத்தமே இல்லைங்க. காக்கா குருவி கூட இல்ல. என்ற மூச்சு எனக்கே வேறெவனோ பின்னால வர்ற மாதிரி கேட்டுச்சு.

வடக்குச் சரிவுல, மணலுக்குள்ள இருந்து வளைஞ்ச கம்பி ஒண்ணு நீட்டிட்டு இருந்துச்சு. பைலட்டு உக்கார்ற கண்ணாடிக் கூண்டோட சட்டம். அதுக்குள்ள தோல் வார். வாருக்குக் கீழ...

கொஞ்சம் தண்ணி இருக்குதுங்களா? இல்ல, வேண்டாம், எங்கிட்டயே இருக்குது.

ஒரு கையொறை. தோல் கையொறை. அதுல வெரல் இருக்கற மாதிரியே இருந்துச்சு, மடக்கி, எதையோ புடிச்சிருக்கற மாதிரி. அவ்வளவுதான் பாத்தேன். சத்தியமா அவ்வளவுதான். கண்ண இறுக்கி மூடிட்டேன்.

எனக்கு என்ன தோணுச்சுன்னா, இத நான் பாத்தேன்னு சொன்னேன்னா அந்தம்மா இந்த எடத்த உட்டு நகர மாட்டாங்க. போலீஸுக்குச் சொல்லணும். சீட்டு இல்லாம வந்தது தெரியும். வாக்குமூலம், கேஸு, பாஷை தெரியாத ஊருல வருசக்கணக்கா அலையணும். ஓனருக்குத் தெரியும். கால வெக்கற எடமெல்லாம் குண்டு. தண்ணி வேற ரெண்டு கேன் காலியாயிருச்சு. இதெல்லாம் யோசிச்சுத்தான் பண்ணுனேன்னு இப்பச் சொல்றேன். அப்ப யோசிக்கல. கால்தான் யோசிச்சுது. கண்ண மூடிட்டே காலால மணலத் தள்ளுனேன். தள்ளுனதுதான் தாமதம், மேல இருந்து சரிவே பொலபொலன்னு எறங்குச்சு, முழங்கால் வரைக்கும் என்னையப் புடிச்சுக்கிச்சு. உள்ள இருக்கறவரு காலப் புடிச்சு இழுக்கறாருன்னே நெனச்சேன். கத்தணும்னு வாயத் தொறந்தா சத்தம் வரல. எப்பிடி வெளிய வந்தேன்னு தெரியல. கண்ணத் தொறந்தப்ப வெறும் மணல்தான் இருந்துச்சு.

திரும்பி வந்தேன். அம்மா என்னையே பாத்துட்டு நின்னாங்க.

"ஒண்ணுமில்லீங்கம்மா"ன்னேன்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தேனுங்க. வெறும் மணலு."

ஹாசம் கான் எம்பேண்ட்ட முழங்கால் வரைக்கும் பாத்தாரு. அப்பத்தான் அவரு மேக்கால கைய நீட்டுனாரு. அங்க ஆகாசத்துக்கும் மண்ணுக்கும் நடுவுல செவப்பா ஒரு செவுரு எந்திரிச்சு வந்துட்டு இருந்துச்சு. "மண்காத்து, வண்டிக்குள்ள ஏறு"ன்னாரு.

ஏறிக் கதவச் சாத்தறதுக்குள்ள பொழுது இருண்டுருச்சு. மத்தியானம் ரெண்டு மணிங்க. எம்பட கையே எனக்குத் தெரியல. வண்டிய யாரோ மண்ணுல தேய்க்கற மாதிரி சத்தம். சந்து பொந்துல எல்லாம் மண்ணு உள்ள வருது. வாயில மண்ணு, கண்ணுல மண்ணு. வண்டி குலுங்குது. மூடிரும், அந்தாள மூடுன மாதிரி நம்மளையும் மூடிரும், இன்னும் நாப்பத்தாறு வருசம் கழிச்சு எவனாவது வந்து காலால தள்ளிட்டுப் போவான்னு தோணுச்சு. அர்த்தநாரீஸ்வரான்னு கத்துனேன். அழுதேன். ஆமா, அழுதேன், அதுக்கென்ன இப்போ?

அந்தம்மா பின் சீட்டுல இருந்து எட்டி என்ற தோளத் தொட்டாங்க.

"பயப்படாதீங்க அர்த்தனாரி. எங்கண்ணன் பக்கத்துலதான் இருக்கான். அவன் பாத்துக்குவான்"ன்னாங்க.

அத்தன நேரத்துல அதுதாங்க என்னைய ரொம்பப் பயமுறுத்துச்சு.

ஒரு மணி நேரத்துல காத்து நின்னுச்சு. வெளிய வந்து பாத்தா மேடே எடம் மாறியிருந்துச்சு. எஞ்சின் பாதி மூடிக்கிச்சு. அம்மா குனிஞ்சு ஒரு பிடி மண்ண முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. போலாம்னாங்க. பொழுது இறங்கறதுக்குள்ள ஊர் சேத்துட்டேன். ஒரு கீறல் இல்லாம, பாத்துக்கங்க, ரெண்டு பேரையும் முழுசாக் கொண்டாந்து சேத்தேன். எறங்கும்போது அம்மா கை எடுத்துக் கும்புட்டாங்க.

அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ஏழு மாசங் கழிச்சு, நான் ஊர்ல இருக்கறப்போ ஹாசம் கான் போன் பண்ணுனாரு. மழைக்கு வேற பக்கம் போன ஆட்டையெல்லாம் திருப்பி ஓட்டிட்டு வந்தவரு, நேரா வடக்குச் சரிவுக்குப் போயிருக்காரு. அவரு தோண்டவே வேண்டியிருக்கல. மழையில மேடு சரிஞ்சு எல்லாம் வெளிய வந்து, தண்ணியில அடிச்சுக்கிட்டுப் போயி அங்கொண்ணும் இங்கொண்ணுமாச் செதறிக் கெடந்துச்சாம்.

"அன்னிக்கு முழுசா இருந்திருக்கும்"னாரு.

நான் எந்திரிச்சுப் போயிக் கதவச் சாத்திட்டு வந்தேன்.

"மழை தொறந்து உட்டுச்சுன்னு போலீஸ்ல சொல்லிட்டேன். உம்பேரச் சொல்லல. அந்த அம்மாகிட்ட நீதான் சொல்லணும்." வெச்சுட்டாரு. அவரு வாயில அத்தன வார்த்தை நான் கேட்டது அன்னிக்குத்தான்.

விமானப்படைக்காரங்க வந்து எடுத்து, சோதனையெல்லாம் பண்ணி, அவருதான்னு உறுதி பண்ணி, பெட்டியில வெச்சுக் கோயமுத்தூருக்கு அனுப்புனாங்க. அந்தம்மா என்னையும் கூப்புட்டாங்க. போகாம இருக்க முடியுங்களா? துப்பாக்கி வெடிச்சு மரியாதை பண்ணுனாங்க. ஒவ்வொரு வெடிக்கும் நான் குலுங்குனேன். துக்கம் தாங்காம அழுகறாருன்னு பக்கத்துல நின்னவங்க நெனச்சுக்கிட்டாங்க. பெட்டி சீல் வெச்சிருந்துச்சு, தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. அந்தம்மா பெட்டி மேல கைய வெச்சுட்டு நின்னாங்க. காரியமெல்லாம் முடிஞ்சதும், அத்தன சொந்தக்காரங்க முன்னால எனக்கு ஒரு சால்வை போத்துனாங்க. "இவரு மட்டும் துணிஞ்சு வரலைன்னா எதுவும் நடந்திருக்காது"ன்னாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்கு அந்தக் கூட்டத்துல ஹாசம் கான் எங்கயாச்சும் நிக்கறாரான்னு பாக்கறதே வேலையா இருந்துச்சு. அவரு வரல. ஆயிரத்தெட்டு மைலு. எப்பிடி வருவாரு?

அப்புறம் எனக்குச் சோறு எறங்கல. போன் மணி அடிச்சாப் போதும், ஹாசம் கான் வேற ஆளப் புடிச்சு அவங்ககிட்டச் சொல்லிட்டாரோன்னு வேர்க்கும். எவனாச்சும் சொல்றதுக்குள்ள நாமளே சொல்லிப்போட்டா நல்லதுன்னு நாலு வருசமா நெனச்சு நெனச்சு, போன ஆடி மாசந்தான் கோயமுத்தூரு போனேன். சொல்லிட்டேன். வடக்கால பாத்தேனுங்கம்மா, பயந்து மண்ணத் தள்ளி மூடிட்டேனுங்கம்மா, கையெடுத்துக் கும்புடறேன்னு சொல்லிட்டேன்.

சுவத்துல அவங்கண்ணன் படம் மாட்டியிருந்துச்சு. அந்தக் காலத்துப் போட்டோ, கருப்பு வெள்ளை. அந்தம்மா திரும்பி அதப் பாத்தாங்க. வைவாங்க, வெளிய போன்னுவாங்க, அடிச்சாக்கூட வாங்கிக்கலாம்னு இருந்தேன். அவங்க நாற்காலிய எங்கிட்ட இழுத்துப் போட்டுட்டு உக்காந்தாங்க.

"அப்போ எங்கண்ணன முழுசாப் பாத்தது இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்"னாங்க. கண்ணு ரெண்டும் மின்னுது. "எப்பிடி இருந்தான்? சொல்லுங்க. வலியோட இருந்தானா? மூஞ்சி எப்பிடி இருந்துச்சு?"

நான் கண்ண மூடிட்டேனுங்கம்மான்னு சொல்லணும். அதானே நெசம்? ஒரு கையொறையத் தவிர நான் என்னத்தப் பாத்தேன்? அந்தம்மா என்ற வாயவே பாத்துட்டு இருக்கறாங்க.

"தூங்கற மாதிரி இருந்தாருங்கம்மா"ன்னேன்.

அப்பத்தாங்க அவங்க அழுதாங்க. அத்தன வருசத்துல மொதத் தடவையா இருக்கும். என்ற கையப் புடிச்சுட்டு அழுதாங்க. எந்தக் கையினு நெனைக்கறீங்க? சோறு திங்கற கை.

அதுல இருந்து வாரா வாரம் ஞாயித்துக்கிழமை போன் பண்றாங்க. தல எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு? தெக்காலங்கம்மா. அப்ப ஊருப் பக்கம்! ஆமாங்கம்மா, ஊருப் பக்கந்தான். கண்ணு மூடியிருந்துச்சா? மூடியிருந்துச்சுங்கம்மா. எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிக்கறாங்க. நான் என்ன சொன்னேன்னு எனக்கு மறந்துருமேன்னு நானும் ஒரு நோட்டுல எழுதிக்கறேன். மாத்திச் சொல்லிப்போட்டா என்ன ஆகறது? அந்தப் பயத்துல எனக்கு ஞாயித்துக்கிழமைன்னாலே கொல நடுங்குதுங்க. தப்புன்னு சொல்றீங்களா? அந்தம்மா மூஞ்சில இப்பத்தான் ஒரு தெளிவு இருக்குது. நீங்க பாக்கல, நான் பாத்தேன்.

இன்னைக்கு அவங்கண்ணன் பொறந்த நாளு. சொந்தக்காரங்க அல்லாரும் வராங்களாமா. நான் முன்னால உக்காந்து, அவங்க கேக்கக் கேக்க மொதல்ல இருந்து சொல்லணுமாமா. யாரோ அந்தப் படத்துக்குக் கலர் குடுத்துப் பெருசா வரையறாங்களாம். நேத்தே போன்ல சொல்லிப்போட்டாங்க, "சபாபதி போட்டுருந்த துணி என்ன நெறம்னு நல்லா ஞாபகப்படுத்திட்டு வாங்க அர்த்தனாரி"ன்னு.

பஸ்ஸு கிளம்பிருச்சு பாருங்க. இனி நிக்காது. நீங்க படிச்சவரு மாதிரி தெரியுதுங்க. ஏனுங்க, விமானம் ஓட்டறவங்க அந்தக் காலத்துல என்ன நெறத்துல துணி போடுவாங்க? உங்களுக்குத் தெரியுமுங்களா?